செகண்ட் ஹேண்ட் ரோடு பைக்: விற்பவர் வீட்டுக்குக் கிளம்பும் முன்

பள்ளி, கல்லூரியோடு சைக்கிளை விட்டுவிட்டுப் பத்துப் பதினைந்து வருடம் கழித்து மறுபடி ஏற நினைப்பவர்களுக்குப் பழைய ரோடு பைக் (வளைந்த ஹேண்டிலும் மெல்லிய டயரும் உள்ள லேசான சைக்கிள்) நல்ல வழி. ஆனால் வழக்கமாக நடப்பது வேறு. 16,000 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று வாங்குவார்கள். அடுத்த மாதத்துக்குள் டயர், செயின், கேபிள் என்று 8,000 போகும். அப்புறம்தான் அளவே சேரவில்லை என்று தெரியும். மூன்று மாதத்தில் அதே சைக்கிள் மறுபடி விளம்பரத்தில் ஏறும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அளவு, ஃப்ரேம், கியர் லீவர் ஆகிய மூன்றில் ஒன்று சரியில்லாவிட்டாலும் சைக்கிள் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மற்றதெல்லாம் வெறும் பணக் கணக்கு, விலையில் கழித்துக்கொள்ளலாம். கீழே உள்ளது சென்னையை வைத்து எழுதியது. கோவை, மதுரைக்காரர்கள் கடல் உப்பைப் பற்றிய பகுதியை மட்டும் தாண்டிக்கொள்ளலாம்.

1. சைக்கிளைத் தேடும் முன் காலை அளங்கள்

வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நில்லுங்கள். ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே, சைக்கிள் சீட்டு அழுத்துவது போல மேலே ஏற்றிப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை உள்ள தூரம்தான் உங்கள் உட்கால் அளவு. பேன்ட் அளவை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அது நிச்சயம் குறைவாக இருக்கும்.

அந்த அளவை 0.67-ஆல் பெருக்கினால் ஃப்ரேம் அளவு சென்டிமீட்டரில் கிடைக்கும். 0.883-ஆல் பெருக்கினால் கிராங்கின் (பெடல்கள் மாட்டிய தண்டு) நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை வேண்டிய உயரம். உட்கால் 79 செ.மீ. என்றால் ஃப்ரேம் சுமார் 53, சீட்டு உயரம் சுமார் 69.8.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மேல் குழாய் தரைக்கு இணையாக இருந்த காலத்துக் கணக்கு இது. இன்றைய ஃப்ரேம்களில் மேல் குழாய் பின்பக்கம் சரிந்து இறங்குவதால், ஒரு நிறுவனத்தின் 50-ம் இன்னொன்றின் 53-ம் ஒரே நீளமாக இருக்கலாம். சில நிறுவனங்கள் எஸ், எம், எல் என்று மட்டும் போடும். அதனால் மாடல் பெயரையும் வருடத்தையும் வைத்து அளவு அட்டவணையைத் தேடி, மேல் குழாயின் கிடைமட்ட நீளத்தைப் பாருங்கள். 170 செ.மீ. உயரக்காரருக்கு அது 53-54 செ.மீ. அளவில் இருந்தால் பெரும்பாலும் சரிவரும்.

ஒரு செ.மீ. கூடக் குறைய இருந்தால் ஸ்டெம்மை (ஹேண்டிலைக் கழுத்தோடு இணைக்கும் துண்டு) மாற்றிச் சமாளிக்கலாம். மூன்று செ.மீ. என்றால் முடியாது. “சீட்டை இறக்கிக்கிட்டா போதும் சார்” என்று விற்பவர் சொல்வார். சீட்டு இறங்கும், கை எட்ட வேண்டிய தூரம் குறையாது. கழுத்தும் உள்ளங்கையும் வலித்துச் சைக்கிளை விட்டவர்களில் பலர் இப்படிப் பெரிய ஃப்ரேம் வாங்கியவர்கள்தான். இரண்டு அளவுக்கு நடுவில் இருந்தால் சின்னதை எடுங்கள்.

2. என்ன தேடுவது

மறுபடி ஆரம்பிப்பவருக்கு என் பரிந்துரை: அலுமினிய ஃப்ரேம், கார்பன் போர்க் (முன்வீலைப் பிடிக்கும் கவை), ஷிமானோ கிளாரிஸ் அல்லது சோரா கியர், 28 மி.மீ. டயர் போகும் இடைவெளி. டெக்கத்லானின் ட்ரைபன் வரிசை, ஜயன்ட், ஸ்காட், மெரிடா, ட்ரெக், டிஐ சைக்கிள்ஸின் மான்ட்ரா எல்லாம் இந்த வட்டத்தில் கிடைக்கும்.

கியர் பற்றி. ஷிமானோவின் ரோடு வரிசை கீழிருந்து மேலாக: டூர்னி (பின்பக்கம் 7 கியர்), கிளாரிஸ் (8), சோரா (9), டியாக்ரா (10), 105 (இந்த வட்டத்தில் வருபவை 10 அல்லது 11). 7 கியர் சைக்கிள்களில் பின் வீலில் பெரும்பாலும் மரையில் திருகும் ஃப்ரீவீல் இருக்கும். பேரிங் நடுவில் தள்ளி அமைவதால் கனமானவர்கள் ஓட்டும்போது ஆக்சில் வளையும். பின்னாளில் 8-க்கு மாற நினைத்தால் வீலும் லீவரும் சேர்ந்து மாற்ற வேண்டும். அதனால் 7 கியர் சைக்கிளை மிக மலிவாகக் கிடைத்தால் மட்டும் எடுங்கள். 8 கியரின் பெரிய வசதி, அதன் செயின் ஹைப்ரிட் சைக்கிள்களுக்கும் பொது என்பதால் சாதாரணக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு.

முன்னால் உள்ள இரண்டு செயின்வீலும் 50/34 பல் இருக்கட்டும். பழைய ரேஸ் சைக்கிள்களின் 53/39-ஐப் பார்த்து மயங்க வேண்டாம். ஈசிஆரில் எதிர்க்காற்று அடிக்கும்போதே முட்டி பேசும், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பின்பக்கப் பெரிய பல் 28-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், 32 இருந்தால் நிம்மதி.

வளைந்த ஹேண்டில்பார் இருந்தாலே ரோடு பைக் ஆகிவிடாது. “ரேசிங் சைக்கிள்” என்று வரும் பல விளம்பரங்கள் இரும்பு ஃப்ரேமில் 15 கிலோவைத் தாண்டும். உண்மையான தொடக்கநிலை அலுமினிய ரோடு பைக் 10 முதல் 11.5 கிலோ. பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் விவாதமே இல்லை.

கார்பன் ஃப்ரேமை இந்த விலையில் பழையதாக வாங்காதீர்கள். உள்ளே விரிசல் இருந்தாலும் வெளியே தெரியாது.

3. விளம்பரமும் முதல் போனும்

ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ், ஊர் சைக்கிள் குழுக்களின் வாட்ஸ்அப், பெரிய சைக்கிள் கடைகளின் எக்ஸ்சேஞ்ச் மூலை என்று நான்கு இடங்களில் தேடுங்கள். நல்லவை குழுக்களுக்குள்ளேயே கைமாறிவிடும், வெளியே வருவதில்லை. ஆகவே ஒரு குழுவின் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் எட்டிப்பார்த்து, “இந்த அளவு தேடுகிறேன்” என்று சொல்லி வையுங்கள். உங்கள் அளவில் சரியானது அமைய மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அவசரப்பட்டால் விலையில் தெரியும்.

போனில் கேட்க வேண்டியவை: மாடல், வாங்கிய வருடம், ஃப்ரேம் அளவு, எத்தனையாவது கை, அசல் பில் உண்டா, கீழே விழுந்ததா, எந்த ஏரியாவில் வைத்திருந்தது, ட்ரெயினரில் (வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) மாட்டி ஓட்டினதா. பிறகு நான்கு படம் கேளுங்கள்: செயின் பக்கம் முழுசாக, பிராக்கெட்டுக்கு (கிராங்க் சுழலும் மூட்டு) அடியில் உள்ள ஃப்ரேம் நம்பர், பின் பல்சக்கரம் கிட்டத்தில், ஹேண்டில் கழுத்துக்குக் கீழே. ஃப்ரேம் நம்பர் படத்தைத் தர மறுத்தால் பேச்சை அதோடு நிறுத்துங்கள்.

2020-21 ஊரடங்கில் வாங்கி, பத்துத் தடவை ஓட்டி, பால்கனியில் நின்ற சைக்கிள்கள் நிறைய வருகின்றன. இவை நல்ல வேட்டை. ஃப்ரேம், கியர் தேய்ந்திருக்காது, டயர் மட்டும் காய்ந்து வெடித்திருக்கும். வீட்டுக்குள் ட்ரெயினரில் ஓட்டினது வேறு கதை. வியர்வை சொட்டிச் சொட்டி ஹெட்செட் (ஹேண்டில் கழுத்துக்குள் உள்ள பேரிங்) போல்ட், ஹேண்டில் டேப்புக்குள் உள்ள அலுமினியம், லீவர் எல்லாம் அரித்திருக்கும். பின் ஆக்சில் முனைகளில் கவ்விய தழும்பும், பின் டயர் நடுவில் மட்டும் தட்டையாகத் தேய்ந்ததும் அடையாளம்.

மோசடியும் இதே இடங்களில்தான். “ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் வந்துவிட்டது, பார்சலில் அனுப்புகிறேன், முன்பணம் போடுங்கள்” என்றால் சைக்கிளே கிடையாது. கியூஆர் ஸ்கேனும் யுபிஐ பின்னும் பணம் கொடுக்க மட்டும்தான், வாங்க ஒருபோதும் தேவைப்படாது. பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். அனுப்பி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

4. போகும் முன்பே விலையைக் கணக்குப் போடுங்கள்

விற்பவர் தன் பழைய பில்லிலிருந்து கணக்குப் போடுவார். நீங்கள் இன்றைய புது விலையிலிருந்து போடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. வரிக்கு முந்தைய விலை அதேதான் என்றால் 11,200 பில் போட்டது இன்று 10,500. பழைய பில்லைக் காட்டிப் பேசுபவரிடம் இதை மெதுவாக நினைவூட்டலாம்.

என் அளவுகோல்: ஒன்றிரண்டு வருடம், குறைவாக ஓடியது என்றால் இன்றைய புது விலையில் 60-70 சதவீதம். மூன்று முதல் ஐந்து வருடம் என்றால் பாதி அல்லது அதற்குக் கீழே. எட்டு வருடத்தைத் தாண்டியதை உதிரி பாகங்களின் மதிப்பாக மட்டும் பாருங்கள். பெரும்பாலான நிறுவனங்களின் ஃப்ரேம் வாரன்ட்டி முதல் உரிமையாளருக்குத்தான், அது உங்களுக்கு வராது. அதற்கு விலை கொடுக்காதீர்கள்.

இதிலிருந்து மாற்ற வேண்டியவற்றின் செலவைக் கழியுங்கள். தோராயமாக: டயர் ஜோடி 2,000-4,000, டியூப் ஜோடி 600-900, 8 கியர் செயின் 800-1,500, பின் பல்சக்கரம் 1,200-2,000, கேபிள்கள் உறையோடு 600-1,200, ஹேண்டில் டேப் 500-1,000, பிரேக் கட்டைகள் 300-800, முழு சர்வீஸ் கூலி 1,000-2,500. கடைக்குக் கடை மாறும்.

ஒரு கணக்கு: இன்று புதிதாக 45,000 விலையுள்ள மாடல், நான்கு வருடப் பழசு. பாதி என்றால் 22,500. டயர், டியூப், செயின், கேபிள், கூலி சேர்த்து 6,000. கையில் கொடுக்க வேண்டியது 16,500. அவர் 28,000 கேட்டால் அது அவர் விருப்பம்.

5. நேரில் பார்ப்பது

பகலில் போங்கள். அபார்ட்மென்ட் பார்க்கிங்கின் மங்கல் வெளிச்சத்தில் விரிசல் தெரியாது, சைக்கிளை வெயிலுக்கு உருட்டி வரச் சொல்லுங்கள். கொண்டுபோக வேண்டியவை: 4, 5, 6 ஆலன் கீ, இரும்பு ஸ்கேல், துணி, நூல் உருண்டை, டார்ச், காற்றுப் பம்பு. அரைமணி நேரம் ஆகும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

ஃப்ரேம். துணியால் துடைத்துவிட்டு, ஹேண்டில் கழுத்துக்குப் பின்னால் மேல் குழாய், கீழ்க்குழாய் இரண்டின் அடிப்பக்கத்தையும் விரலால் தடவுங்கள். பெயின்டில் சுருக்கம், மெல்லிய அலை போன்ற மேடு இருந்தால் முன்னால் மோதியிருக்கிறது. திரும்பி வந்துவிடுங்கள். வெல்டிங் ஓரங்களிலும் பிராக்கெட்டைச் சுற்றியும் பின் ஆக்சில் பிடிப்பிலும் முடிபோன்ற கோடு இருக்கிறதா பாருங்கள். பெயின்ட் கீறலா, விரிசலா என்று சந்தேகம் வந்தால் விரிசல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நூல். ஒரு பக்கப் பின் ஆக்சில் பிடிப்பில் கட்டி, ஹேண்டில் கழுத்தைச் சுற்றி, மறுபக்கப் பிடிப்புக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளங்கள். 3 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஃப்ரேம் கோணியிருக்கிறது.

சீட்டுக் கம்பம். போல்ட்டைத் தளர்த்திச் சீட்டை உங்கள் கண் முன்னால் ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கம் வளர்ந்த சைக்கிள்களில் உப்புக்காற்று பட்டு அலுமினியம் ஃப்ரேமுக்குள் இறுகியிருக்கும். “கொஞ்சம் டைட்டா இருக்கு” என்பதை நம்பாதீர்கள். இறுகிய கம்பத்தை எடுக்கப் போய் ஃப்ரேமையே இழந்தவர்கள் உண்டு. ஸ்போக் முனைகளில் வெள்ளைப் பொடி, ஹெட்செட் போல்ட்டில் துரு இரண்டும் அதே கடலின் கையெழுத்து. கம்பத்தை ஏற்றும்போது அதில் பொறித்த, குறைந்தபட்சம் உள்ளே இருக்க வேண்டிய அளவைக் காட்டும் கோடு வெளியே வராமல் உங்கள் உயரம் கிடைக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கியர் லீவர். பிரேக்கும் கியரும் ஒன்றாக உள்ள எஸ்டிஐ லீவர்தான் இந்த சைக்கிளில் விலையுயர்ந்த உதிரி. பின்வீலைத் தூக்கிப் பெடலைச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராகப் போங்கள், கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு டிக், ஒரு பல் தாவல் இருக்க வேண்டும். லீவர் வெறுமனே ஆடி, டிக் பிடிக்காவிட்டால் உள்ளே கிரீஸ் இறுகியிருக்கிறது. பல நாள் சும்மா நின்ற சைக்கிளில் இது சகஜம். துரு எடுக்கும் ஸ்பிரே அடித்துக் கழுவி, மெல்லிய எண்ணெய் விட்டால் சில சமயம் உயிர் வரும். ஆனால் வரும் என்று நம்பி வாங்காதீர்கள். டிக் பிடித்தும் செயின் தாவவில்லை என்றால் கேபிளோ, பின் கியரின் ஹேங்கரோ (அதை ஃப்ரேமில் தாங்கும் துண்டு) காரணமாக இருக்கும், அது சின்னச் செலவு. பின்னாலிருந்து பார்த்தால் பின் கியரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் மேலுள்ள பல்லுக்கு நேர்கீழே நிற்க வேண்டும். உள்ளே சாய்ந்திருந்தால் சைக்கிள் வலது பக்கம் விழுந்திருக்கிறது.

செயின். 12 முழுக் கண்ணிகளை, கண்ணிகளை இணைக்கும் ஊசியின் நடுவிலிருந்து ஊசியின் நடுவுக்கு ஸ்கேலால் அளங்கள். ஒரு முழுக் கண்ணி என்பது ஒரு உள் தகடும் ஒரு வெளித் தகடும் சேர்ந்தது. புதியதில் 304.8 மி.மீ. இருக்கும். 306.5 மி.மீ. வந்தால் செயின் மாற்ற வேண்டும். 308-ஐத் தொட்டிருந்தால் பின் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும், புது செயினை மட்டும் போட்டால் பல்லில் வழுக்கும். சுறாத் துடுப்பு போலச் சாய்ந்த பல்லைக் கண்ணாலேயே காணலாம்.

வீல். சுற்றிவிட்டு பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஒரு மி.மீ. ஆட்டத்தை எந்தக் கடையிலும் கோட்டம் எடுத்துவிடுவார்கள். 3 மி.மீ.-க்கு மேல் அலைந்தாலோ, மேலும் கீழும் குதித்தாலோ ரிம் அடிபட்டிருக்கிறது. ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் டக் டக் என்றால் ஹப்பின் கோன் தளர்ந்திருக்கிறது. பிரேக் உரசும் பரப்பில் உள்ள சிறு குழியோ கோடோ தேய்ந்து மறைந்திருந்தாலும், ஸ்கேலை வைத்தால் நடுவில் பள்ளம் தெரிந்தாலும் அந்த ரிம் ஆயுள் முடிந்தது. டிஸ்க் பிரேக் என்றால் தட்டின் கனம் பாருங்கள், ஷிமானோ தட்டுகளில் 1.5 மி.மீ.-க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும்.

ஹெட்செட்டுக்கு: முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அசையுங்கள், கழுத்தில் ஆட்டம் இருக்கக் கூடாது. முன்வீலைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஓர் இடத்தில் மாட்டி நின்றால் பேரிங் குழி விழுந்திருக்கிறது. கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டி அதே சோதனை. போர்க்கைப் பக்கத்திலிருந்து பாருங்கள், பின்னுக்கு வளைந்திருந்தால் வேண்டாம்.

டயரின் பக்கச்சுவரில் நுண் வெடிப்பு இருந்தால் பல் எவ்வளவு மிச்சமிருந்தாலும் கணக்கில் இரண்டு டயர் கழியுங்கள்.

6. ஓட்டிப் பாருங்கள்

நடப்பில் உள்ள சம்பிரதாயம்: உங்கள் வண்டிச் சாவியையோ போனையோ விற்பவரிடம் கொடுத்துவிட்டு ஏறுவது. சீட்டை உங்கள் உயரத்துக்கு வைத்து, காற்று அடித்து, குறைந்தது இரண்டு கிலோமீட்டர். கையை எடுக்காமல் நேராகப் போகும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா, எழுந்து நின்று மிதித்தால் பல் வழுக்குகிறதா, முன் பிரேக்கைக் கடுமையாகப் பிடித்தால் அதிர்கிறதா என்று பாருங்கள். லீவர் மேல் கை வைத்தபோது முழங்கை லேசாக மடங்க வேண்டும். கை நேராக நீண்டு நின்றால் ஃப்ரேம் பெரிது.

7. பேரம், பணம், சீட்டு

குறைகளைச் சொல்லிச் சைக்கிளைத் தாழ்த்திப் பேசினால் விற்பவர் முறைத்துக்கொள்வார். செலவுப் பட்டியலைக் காட்டுங்கள். “செயினுக்கு இவ்வளவு, டயருக்கு இவ்வளவு, மிச்சம் இது” என்றால் படியும்.

சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது. அதனால் கையெழுத்துச் சீட்டுதான் உங்கள் முக்கிய ஆதாரம். வெள்ளைத் தாளில் தேதி, இருவர் பெயர், முகவரி, போன் எண், மாடல், நிறம், ஃப்ரேம் நம்பர், தொகை, “இது என் சொந்தச் சைக்கிள், முழுத்தொகையும் பெற்றுக்கொண்டு விற்றுவிட்டேன்” என்ற வரி, கையெழுத்து. ரொக்கம் 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து வாங்குங்கள். அடையாள அட்டையின் நகல் ஒன்று, அசல் பில் இருந்தால் அதுவும். பில்லில் உள்ள நம்பரும் ஃப்ரேமில் பொறித்ததும் ஒன்றா என்று நீங்களே குனிந்து பாருங்கள். நம்பர் சுரண்டப்பட்டிருந்தால் தொடவே வேண்டாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. மேலே போட்ட நியாய விலையில் பாதிக்கும் கீழே, பில் இல்லாமல், “இன்னிக்கே எடுத்துக்கோங்க” என்று வருவது அப்படி நினைக்கப் போதுமான காரணம்தான்.

பணத்தை யுபிஐயில் கொடுத்தால் குறிப்பு இடத்தில் ஃப்ரேம் நம்பரைப் போடுங்கள், தானாக ஒரு ரசீது ஆகிவிடும். காரில் கொண்டுவர முன்வீலைக் கழற்றினால் போதும். பின் கியர் இருக்கும் வலது பக்கம் எப்போதும் மேலே இருக்கட்டும்.

பழைய ஹெல்மெட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒருமுறை அடி வாங்கியதா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

8. முதல் வாரம்

ஓட்டும் ஆசையை இரண்டு நாள் தள்ளிப் போட்டு முதலில் சர்வீஸுக்கு விடுங்கள். கியர் சைக்கிள் பழகிய கடையாகப் பாருங்கள். தெருமுனைக் கடைக்காரர் கோட்டம் அருமையாக எடுப்பார், ஆனால் எஸ்டிஐ கேபிள் போடுவது வேறு வேலை. ஹப், ஹெட்செட் கிரீஸ், புதுக் கேபிள், சீட்டுக் கம்பத்தில் கிரீஸ் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். வெறும் “ஜெனரல் சர்வீஸ்” என்றால் கழுவி எண்ணெய் போட்டுத் தருவார்கள். இரண்டு மூன்று நாள் ஆகும்.

ரோடு பைக் டியூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வ் இருக்கும். பஞ்சர் கடைப் பம்பு அதில் பொருந்தாது. பித்தளை அடாப்டர் ஒன்றைச் சீட்டுப் பையில் போட்டு வையுங்கள், கூடவே ஒரு டியூப், இரண்டு டயர் லீவர். வீட்டுக்கு மீட்டர் உள்ள நிற்கும் பம்பு அவசியம், ஏனென்றால் இந்த டயர்களில் வாரம் ஒருமுறையாவது காற்று அடிக்க வேண்டும். 70 கிலோ எடைக்கு 25 மி.மீ. டயரில் 85-90 பிஎஸ்ஐ, 28 மி.மீ. என்றால் 70-75. காற்று குறைந்த மெல்லிய டயர் ஒரு குழியில் இறங்கினால் டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் சிக்கி, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை விழும்.

முதல் இரண்டு வாரம் 15-20 கி.மீ.-க்கு மேல் போக வேண்டாம், இலகுவான கியரிலேயே மிதியுங்கள். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட்டு தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். ஒரு நேரத்தில் 3 மி.மீ. மட்டும் மாற்றுங்கள்.

புதுக் கேபிள் 200 கி.மீ.-க்குள் இழுபடும், கியர் மறுபடி பிசகும். பல கடைகளில் இந்தத் திருத்தத்தை இலவசமாகவே செய்வார்கள், சர்வீஸ் விடும்போதே கேட்டு வையுங்கள். அதே நாளில் கிராங்க் போல்ட்டையும் முறுக்கச் சொல்லுங்கள். சதுர ஆக்சில் கிராங்கை அந்த போல்ட் தளர்ந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் அதன் சதுர ஓட்டை உருண்டுவிடும், அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது.